பொத்தானா, பேட்ஜா, தொப்பியா? பழைய பிரிட்டிஷ் ரெஜிமென்ட் பொருள்களில் எதில் தொடங்கலாம்

அக்கா மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிறான். போன கோடையில் என்னோடு ஒரு ராணுவப் பழம்பொருள் சந்தைக்கு வந்தான். பள்ளிக்கூட ஹால் ஒன்றில் நாற்பது மேசை போட்டு, துணி விரித்து, பேட்ஜ், பொத்தான், பதக்கம், தொப்பி என்று பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "மாமா, எங்கிட்ட இருநூறு பவுண்டு இருக்கு. எதுல ஆரம்பிக்கலாம், பேட்ஜா, பட்டனா, தொப்பியா?" என்றான்.

அங்கேயே பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் நானே முடிவு செய்து, முதல் ஆறு மாதத்தில் வாங்கியதில் பாதியைக் குப்பையில் போட்டவன் நான். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆண்டுக் கணக்கு

எதை வாங்கினாலும் இந்தக் கணக்கு தெரியாமல் சந்தைக்குள் போகக் கூடாது. பிரிட்டிஷ் காலாட்படையில் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவுகளுக்கு ஒரு காலத்தில் எண்தான் அடையாளம். 1751-ல் வந்த அரச ஆணை அந்த எண்களை நிலைநிறுத்தியது. 1767-ல் அதே எண்ணைப் பொத்தானிலும் போடச் சொன்னார்கள். 1881 ஜூலை 1 அன்று, போர்த்துறை அமைச்சர் ஹியூ சில்டர்ஸின் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது 109 வரை போயிருந்த எண்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்த்து வட்டாரப் பெயர் வைத்தார்கள். 33-ம் 76-ம் சேர்ந்து டியூக் ஆஃப் வெலிங்டன்ஸ் ரெஜிமென்ட் ஆனது இப்படித்தான். 76-க்கு 1807-ல் இந்தியச் சேவைக்காகக் கிடைத்த யானை, அந்தப் புது ரெஜிமென்ட்டின் காலர் பேட்ஜில் அம்பாரியோடு ஏறி உட்கார்ந்துகொண்டது.

எண் இருந்தால் 1881-க்கு முன், ஊர்ப் பெயர் இருந்தால் பின் என்பது பெரும்பாலும் சரியாக வரும். சரியாக வராத இடமும் உண்டு. சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் பேட்ஜ்கள் சிலவற்றில் 1881-க்குப் பிறகும் ரோமன் எழுத்தில் 24 இருக்கும். 1879-ல் தென்னாப்பிரிக்காவின் இசண்டல்வானாவில் ஜூலுக்களிடம் அழிந்த அதே 24. அந்த எண்ணை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. குதிரைப்படைகளும் தங்கள் எண்களை விடவில்லை.

அடுத்தது கிரீடம். மேலே வளைவுகள் அரைவட்டமாக உப்பியிருந்தால் அது ட்யூடர் கிரீடம். சந்தையில் 'கிங்ஸ் கிரவுன்' என்பார்கள். 1901-லிருந்து ஐம்பதுகளின் தொடக்கம் வரை ஓடியது அதுதான். வளைவுகள் நடுவில் குழிந்து இரண்டு தோள் மாதிரி நின்றால் எலிசபெத் காலம். விக்டோரியா காலக் கிரீடமும் லேசாகக் குழிந்திருக்கும் என்பதால், ஐம்பதுகளின் பேட்ஜைத் தொண்ணூறுகளின் பேட்ஜ் என்று நினைத்து (1890-களைச் சொல்கிறேன்) காசை விடுகிற புதியவர்கள் நிறைய. இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2022-ல் மூன்றாம் சார்லஸ் மறுபடி ட்யூடர் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ராயல் ஆர்ட்டிலரி மாதிரிப் பெயர் மாறாத படைகளில் இன்றைய புது பேட்ஜும் முதல் உலகப் போர் பேட்ஜும் மேலோட்டமாகப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும்.

பேட்ஜ்: எல்லோரும் தொடங்குகிற இடம்

பேட்ஜ் பார்த்தவுடனே பிடித்துப்போகும். உள்ளங்கையில் அடங்கும், பளபளக்கும், அதில் புலி, யானை, ஸ்பிங்க்ஸ், மண்டையோடு என்று ஏதாவது இருக்கும். 17-ஆம் லான்சர்ஸ் என்ற குதிரைப்படையின் மண்டையோட்டுக்குக் கீழே 'ஆர் க்ளோரி' என்று எழுதியிருக்கும். மண்டையோட்டைச் சேர்த்துப் படித்தால் 'சாவு, இல்லையேல் புகழ்'. க்ளௌஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்காரர்கள் தொப்பியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பேட்ஜ் குத்துவார்கள். 1801 மார்ச்சில் அலெக்சாந்திரியாவில் அவர்களுடைய முன்னோடியான 28-ஆம் ரெஜிமென்ட் முன்னும் பின்னும் எதிரி சூழ்ந்தபோது பின்வரிசை அப்படியே திரும்பி நின்று சண்டை போட்டதன் நினைவு அது. இப்படி ஒவ்வொரு பேட்ஜுக்குப் பின்னாலும் ஒரு கதை. விற்பவருக்கும் அது தெரியும். கதைக்கும் சேர்த்துத்தான் விலை.

நான் தொடங்கியதும் இதில்தான். என் முதல் தண்டச் செலவு ஒரு ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் பேட்ஜ், 45 பவுண்டு. பெயர்தான் டப்ளின். ஆள் நம் ஊர்ப்பக்கம் வளர்ந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸில் வைத்திருந்த ஐரோப்பியப் படை பிறகு 102-ஆம் ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1881-ல் பம்பாய்க்காரர்களான 103-ஓடு சேர்ந்து அயர்லாந்துப் பெயரை வாங்கிக்கொண்டது. அதனால்தான் அந்தத் தீக்குண்டு பேட்ஜில் புலியும் யானையும். 1857-ல் இந்த மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸை நடத்திப்போனவர்தான் ஜேம்ஸ் நீல். ஆமாம், மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்று, 1927-ல் அதை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்து, 1937-ல் ராஜாஜி ஆட்சிக் காலத்தில் அருங்காட்சியகத்துக்குப் போன அதே நீல். இதெல்லாம் தெரிந்தபின் அந்த பேட்ஜை வாங்காமல் எப்படி வருவது? விற்றவர் முகவரி இல்லாத ஆள். நானும் கேட்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து உண்மையான ஒன்று கைக்கு வந்தது. இரண்டையும் சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். உண்மையானதில் குண்டும் தீயும் பித்தளை. புலியும் அதற்குக் கீழே யானையும் வெள்ளை உலோகத்தில் தனியாகச் செய்து மேலே பற்றவைத்தவை. நகத்தை ஓட்டினால் விளிம்பு தட்டும். திருப்பினால் முன்பக்க மேடெல்லாம் பின்பக்கத்தில் குழியாகத் தெரியும். தகட்டை அச்சில் வைத்து அடித்ததன் அடையாளம் அது. என்னுடையதோ முழுக்க ஒரே வார்ப்பு. புலி மேல் வெள்ளை முலாம் பூசி ஏமாற்றியிருந்தார்கள். புலியின் முதுகில் முலாம் உரிந்து கீழே மஞ்சள் எட்டிப் பார்த்தது. பின்பக்கம் மொழுமொழுவென்று, அங்கங்கே குண்டூசி முனை அளவு துளைகளோடு இருந்தது. வார்ப்பில் காற்றுக் குமிழி விட்ட தடம் அவை. எடையும் கூட. உண்மையானது கையில் லேசாக இருந்தது.

வார்ப்புப் போலியையாவது இப்படிப் பிடித்துவிடலாம். பழைய அச்சையே எடுத்துப் பின்னாளில் அடித்தவற்றைப் பிடிப்பது கஷ்டம். முன்பக்கம் சந்தேகமே வராது. தொப்பி மடிப்பில் செருகும் ஸ்லைடர் என்ற பின்பக்கத் தண்டு வேறு மாதிரி இருக்கும், அல்லது இடைவெளிகளை வெட்டிய விளிம்பு பிசிறடிக்கும். பின்னால் 'கான்ட், லண்டன்' என்று பட்டை ஒட்டியிருந்தால் பர்மிங்காம் கம்பெனி செய்தது என்று நிம்மதி அடையாதீர்கள். அந்தப் பட்டையையும் போலியாக அடித்துவிட்டார்கள். எஸ்ஏஎஸ் என்ற சிறப்பு அதிரடிப்படை, பாராசூட் ரெஜிமென்ட், பாலைவன லாங் ரேஞ்ச் குழு என்று சினிமாவில் வந்த படைகளின் பேட்ஜ் என்றால் நான் கையைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஆனால் ஆராய்ச்சிக்குத் தீனி இல்லை என்று சொல்ல முடியாது. 1916-ல் உலோகத் தட்டுப்பாட்டில், இரண்டு உலோகத்தில் செய்துவந்த பேட்ஜ்களை முழுப் பித்தளையில் அடித்தார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் காலம் சட்டென்று குறுகிவிடும். இரண்டாம் உலகப் போரில் பிளாஸ்டிக்கிலேயே செய்தார்கள். வால்ஸாலில் ஸ்டான்லி கம்பெனி அடித்த பழுப்பு பேட்ஜ்கள் இன்னும் சந்தைக்கு வருகின்றன. ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் பேட்ஜில் 'வெல்ஷ்' என்பதன் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். 'எஸ்எச்' என்று முடிந்தால் 1920-க்கு முந்தைய வடிவம். 'சிஎச்' என்று முடிந்தால் அந்த வருடம் பழைய எழுத்துக்கூட்டலைத் திரும்ப வாங்கிய பிறகு வந்தது. ஒரு எழுத்து பேட்ஜின் வயதைச் சொல்லிவிடுகிறது.

விற்பவர்கள் 'கே அண்டு கே 637' என்கிற மாதிரி ஒரு எண் சொல்வார்கள். கிப்ளிங், கிங் என்ற இருவர் எழுபதுகளில் தொகுத்த பட்டியலின் வரிசை எண் அது. (கதை எழுதிய கிப்ளிங் வேறு.) அந்த எண் வகையைத்தான் சொல்லும். பொருள் உண்மையானதா என்பதற்கு அது சாட்சி இல்லை.

தொப்பி: ஆசை பெரிது

தொப்பியைப் பற்றி அவனிடம் சுருக்கமாகத்தான் சொன்னேன். இருநூறு பவுண்டுக்கு நல்லது வராது, வருவது நல்லதாக இருக்காது.

காலாட்படையின் ஷாக்கோ என்ற உயரத் தொப்பி 1800 வாக்கில் புகைபோக்கி மாதிரி வந்து, 1812-ல், 1829-ல், 1844-ல், 1855-ல், 1861-ல், 1869-ல் என்று வடிவம் மாறிக்கொண்டே போனது. 1878-ல் அதற்குப் பதிலாக நீலத்துணி ஹெல்மெட் வந்தது. கார்க் உடம்பு, மேலே துணி, உச்சியில் கூர்முனை, முன்னால் நட்சத்திரத் தகடு. ஜெர்மானியர்களைப் பார்த்து எடுத்துக்கொண்ட பாணி. 1878-க்கும் 1881-க்கும் இடைப்பட்ட மூன்றே வருடம்தான் அந்தத் தகட்டில் ரெஜிமென்ட் எண் இருக்கும். அதற்குப் பிறகு பெயர். மூன்று வருடத்துப் பொருளுக்கு என்ன விலை வரும், அந்த விலைக்காக என்ன வேலை நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடக்கிற வேலைக்கு இங்கே 'கல்யாணம்' என்றே பெயர். ஒரு ஹெல்மெட்டில் வேறொரு ஹெல்மெட்டின் தகட்டைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். இரண்டும் அசல், ஜோடிதான் பொய். தகட்டை வெளியிலிருந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே விரலை விட்டுத் தகட்டுக் கொக்கி நுழைகிற துளைகளை எண்ணுங்கள். இரண்டு கொக்கிக்கு நான்கு துளை இருந்தால் அந்தக் கல்யாணம் இரண்டாம் கல்யாணம்.

அப்புறம் பராமரிப்பு. துணியை அந்துப்பூச்சி தின்னும், உள்பக்கத் தோல் பட்டை வெடித்துப் பொடியாக உதிரும், கார்க் நசுங்கினால் நசுங்கியதுதான். சென்னையில் ஒரு நண்பர் ஒரு ஹெல்மெட்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். இரண்டு மழைக்காலத்தில் உள் பட்டை பூஞ்சை பிடித்து வெள்ளையாகிவிட்டது. அரண்மனைக் காவல் நிற்கிற கார்ட்ஸ் படையின் கரடித்தோல் தொப்பி என்றால் இன்னொரு தலைவலி. கரடித் தோல் நாடு விட்டு நாடு போவதற்குச் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. இங்கிலாந்தில் வாங்கி ஊருக்குப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள்.

நம் ஊரில் இருப்பவர்களுக்குத் தொப்பி ஆசை தீராவிட்டால் சோலா தொப்பியைப் பாருங்கள். சூரியனுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. சோலா என்பது குளத்தில் வளர்கிற ஒரு செடி. தமிழில் நெட்டி. தஞ்சாவூரில் கோயில் மாதிரி செய்து விற்கிறார்களே, அதே வெள்ளைத் தக்கைதான் துரைமார் தலையில் இருந்தது. இதில் ரெஜிமென்ட் ஆராய்ச்சிக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கையில் எடுத்தால் எடையே தெரியாது, அந்த ஆச்சரியத்துக்காக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை குறை சொன்னாலும் தொப்பி ஒரு விஷயத்தில் மற்ற இரண்டையும் தோற்கடித்துவிடும். அதிகாரிகளின் ஹெல்மெட் கறுப்பு வார்னிஷ் போட்ட தகரப் பெட்டியில் வரும். பெட்டி மூடியில் ஒரு பித்தளைத் தகடு, அதில் அதிகாரியின் பெயர். பெயர் கிடைத்தால் மீதி எளிது. ஆர்மி லிஸ்ட் என்ற ராணுவ அதிகாரிகள் பட்டியலின் பழைய தொகுதிகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. லண்டன் கெஜட்டையும் இணையத்தில் பெயர் போட்டுத் தேடலாம். எப்போது சேர்ந்தார், எப்போது கேப்டன் ஆனார், எப்போது விலகினார் என்று ஒரு மாலை நேரத்தில் ஆளைப் பிடித்துவிடலாம். பேட்ஜோ பொத்தானோ ஒரு தனி மனிதனிடம் இப்படிக் கொண்டுபோய் விடாது. ஆயிரம் பேர் அணிந்த அதே பொருள் அது.

என்னிடம் தொப்பி கிடையாது. பெயர் எழுதிய காலித் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஹெல்மெட் விலையில் சின்னப் பங்குதான் ஆயிற்று. தேடுவதற்குத் தேவையான பெயர் பெட்டியில்தானே இருக்கிறது. மனைவி அதில் தையல் நூல் வைத்திருக்கிறாள்.

பொத்தான்: யாரும் திரும்பிப் பார்க்காத டப்பா

சந்தையில் ஒவ்வொரு மேசையின் ஓரத்திலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே பொத்தான்கள் கொட்டிக் கிடக்கும். எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு. அக்கா மகன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் நானும் பார்க்கவில்லை.

டப்பாவில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும். சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய அரசச் சின்னம் போட்ட பித்தளைப் பொத்தான்கள். 1871-ல் சாதாரணச் சிப்பாய்களின் ரெஜிமென்ட் பொத்தானை எடுத்துவிட்டு, சில படைகள் தவிர எல்லோருக்கும் இந்தப் பொதுப் பொத்தானைக் கொடுத்துவிட்டார்கள். அதிகாரிகள் மட்டும் தங்கள் ரெஜிமென்ட் பொத்தானையே போட்டுக்கொண்டார்கள். அந்த முக்கால்வாசியை ஒதுக்கிவிட்டு அடியில் துழாவினால் சாம்பல் நிறத்தில், ஒளியே இல்லாமல், தட்டையாக ஏதாவது தட்டுப்படும். அதுதான் பியூட்டர். வெள்ளீயம் கலந்த மட்டமான உலோகம். 1855 வரை சிப்பாய் சட்டையில் இருந்தது அதுதான். அந்த வருடம் பித்தளை வந்தது.

கையில் இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். விட்டம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் 39 என்று எண். மூன்றின் மேல் வளைவு தேய்ந்துபோய்விட்டது. சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பின்னால் இரும்புக் கம்பிக் காது துருப்பிடித்து ஒரு பக்கம் ஒடிந்திருக்கிறது. பன்னிரண்டு பவுண்டுக்கு வாங்கினேன். 39-ஆம் ரெஜிமென்ட் 1754-ல் மெட்ராஸில் வந்து இறங்கிய படை. கம்பெனிப் படை அல்லாமல் மன்னரின் படையாக இந்தியாவுக்கு வந்த முதல் ரெஜிமென்ட். பின்னாளில் 39 போய்ச் சேர்ந்த டார்செட் ரெஜிமென்ட்டின் பேட்ஜில் லத்தீனில் 'பிரைமஸ் இன் இண்டிஸ்', அதாவது இந்தியாவில் முதல்வர் என்று எழுதிக்கொண்டது இதை வைத்துத்தான். என் பொத்தான் அந்த 1754 பயணத்தைப் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் எண் போட்டதே 1767-க்குப் பிறகு. 1855-ஐயும் தாண்டாது. எண்பத்தெட்டு வருடம், ஒரு ரெஜிமென்ட். பன்னிரண்டு பவுண்டுக்கு இந்த அளவு உறுதியான தகவலை எந்த பேட்ஜும் எனக்குக் கொடுத்ததில்லை.

அதிகாரிகளின் பொத்தானில் இன்னும் நெருங்கலாம். முன்பெல்லாம் சில ரெஜிமென்ட்டுகளுக்கு வெள்ளி நிறம், சிலவற்றுக்குத் தங்க நிறம். 1830-ல் நான்காம் வில்லியம் காலத்தில் நிரந்தரப் படைக்கெல்லாம் தங்கம், மிலிஷியா என்ற உள்ளூர்த் துணைப்படைக்கு வெள்ளி என்று பிரித்தார்கள். ஆக, காலாட்படை எண் போட்ட வெள்ளி நிற அதிகாரிப் பொத்தான் கிடைத்தால் 1830-க்கு முன் என்று துணிந்து சொல்லலாம். பின்பக்கத்தில் செய்தவர் பெயர் இருக்கும். ஃபிர்மின், ஜென்னன்ஸ், ஸ்மித் அண்டு ரைட் என்று. முகவரியும் இருந்தால் அதிர்ஷ்டம். கம்பெனி கடை மாற்றிய வருடத்தை வைத்துப் பொத்தானின் வயதைப் பத்து வருடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். பேட்ஜில் பின்பக்கம் பெரும்பாலும் போலியைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். பொத்தானில் அதுவே ஆவணம்.

போலி இல்லையா என்றால், உண்டு. ஆனால் குறைவு. பன்னிரண்டு பவுண்டுக்கு விற்கிற பொருளுக்காக யாரும் அச்சு வெட்ட மாட்டார்கள். விலை ஏறிய சில பொத்தான்களில் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதும்.

பொத்தானில் ஏமாற்றுவது கதைதான். 'இந்த வயலில் கிடைத்தது, இங்கே முகாம் இருந்திருக்கிறது' என்பார்கள். கந்தலாகிப்போன கம்பளிச் சீருடைகளின் கழிவை இங்கிலாந்தில் வயலுக்கு உரமாகப் போடுகிற வழக்கம் இருந்தது. கென்ட் பக்கத்தில் பீருக்காக ஹாப்ஸ் கொடி வளர்க்கிற தோட்டங்களில் குறிப்பாக. அந்தக் கந்தலோடு பொத்தானும் மண்ணுக்குள் போயிருக்கிறது. வயலில் 50-ஆம் ரெஜிமென்ட் பொத்தான் கிடைத்தால் 50-ஆம் ரெஜிமென்ட் அங்கே நின்றது என்று அர்த்தமில்லை. அவர்களுடைய சட்டை மட்டும் அங்கே வந்திருக்கலாம்.

நீங்களே தேடி எடுக்க ஆசைப்பட்டால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேம்ஸ் கரைச் சேற்றில் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். வயலில் உலோகம் கண்டறியும் கருவியோடு இறங்க நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம்.

இன்னொன்று, பாலீஷ். பொத்தானோ பேட்ஜோ, பித்தளை பாலீஷ் டப்பாவை வீட்டில் ஒளித்து வையுங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் பல்குத்தியால் மெல்லச் சுரண்டி, லேசாக மெழுகு தடவினால் போதும். என் பெரியம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, விளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டு ஆறு பொத்தானைத் தேய்த்து வரிசையாகக் காயவைத்திருந்தார். "எவ்வளவு அழுக்கு ராசா" என்றார். தங்க முலாம் முழுக்கப் போயிருந்தது. என்ன சொல்ல முடியும், காபி போட்டுக் கொடுத்தேன்.

எதை எடுப்பது

இத்தனையும் சொன்னபிறகு அவன், "அப்ப பட்டன்தானா மாமா?" என்றான். அங்கேதான் அவன் கேள்வியே கொஞ்சம் தப்பு என்று எனக்குப் பிடிபட்டது. எந்தப் பொருள் என்பதைவிட எந்தக் காலம் என்று முதலில் கேட்க வேண்டும். ரெஜிமென்ட் எண் போட்ட சிப்பாய்ப் பொத்தான் 1767-லிருந்து 1871 வரை. உலோகத் தொப்பி பேட்ஜ் எல்லாச் சிப்பாய்களுக்கும் பரவலாக வந்ததே 1890-களின் கடைசியில். நடுவில் 1870-களிலிருந்து கிளெங்காரி என்ற மடிப்புத் தொப்பிக்கான பேட்ஜ் கொஞ்சம் உண்டு, விலை அதிகம். நெப்போலியன் போர், சீரங்கப்பட்டணம், கிரிமியா என்று போகிறவனுக்குத் தொப்பி பேட்ஜ் கிடையாது. அந்தக் காலத்தில் அது இல்லவே இல்லை. அதேபோல முதல் உலகப் போரில் உங்கள் ஊர் பட்டாலியனைத் தேடுகிறவருக்குச் சிப்பாயின் பொத்தான் ஒன்றும் சொல்லாது. அவன் சட்டையில் இருந்தது அந்தப் பொதுச் சிங்கம்தான். அவனுடைய ரெஜிமென்ட் தொப்பி பேட்ஜிலும் தோள்பட்டை எழுத்திலும்தான் இருந்தது. 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிபோலிக் கரையில் இறங்கிய டப்ளின்காரர்களின் ரெஜிமென்ட் பேட்ஜ் அந்தப் புலியும் யானையும்தான்.

ஆகவே 1914–18 மேல்தான் ஆசை என்றால் பேட்ஜ் வாங்குங்கள். ஆனால் முதல் மூன்று மாதம் வாங்காதீர்கள். லண்டன் செல்சியில் இருக்கிற தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்கும், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ரெஜிமென்ட் அருங்காட்சியகத்துக்கும் போய் உண்மையானவற்றைக் கண் வலிக்கப் பாருங்கள். பிறகு பெயர் வாங்கிய வியாபாரியிடம், 'போலி என்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன்' என்று ரசீதில் எழுதிக் கொடுப்பவரிடம், மலிவான, சாதாரணமான ரெஜிமென்ட்டில் இரண்டு மட்டும் வாங்குங்கள். அரிதானதைப் போலி செய்வார்கள். சாதாரணமானதில் கண் பழகும்.

குறிப்பிட்ட காலம் என்று எதுவும் இல்லை, தேடுவதுதான் பிடிக்கும் என்றால் பொத்தான். நான் அதைத்தான் சொல்வேன். ஒரே ரெஜிமென்ட்டையோ, ஒரே ஊரோடு தொடர்புள்ள நாலைந்து எண்களையோ வைத்துக்கொண்டால் போதும். நான் மெட்ராஸ் வழியாகப் போன படைகளை மட்டும் சேர்க்கிறேன். 39, 76, 102, 105, 108. கடைசி இரண்டும் மெட்ராஸ்ப் பெயரோடு இருந்து 1881-ல் யார்க்ஷயர் பக்கமும் அயர்லாந்து பக்கமும் போய்ச் சேர்ந்தவை. லண்டனின் கியூ பகுதியில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய சிப்பாய்களின் பணி விடுவிப்புத் தாள்கள் டபிள்யூஓ 97 என்ற வரிசையில் இருக்கின்றன. அந்த எண்ணில் இருந்த ஒரு நெசவாளியின் உயரம், கண் நிறம், எந்த ஊர்க் காய்ச்சலில் உடம்பு கெட்டது என்பது வரை அதில் படிக்கலாம். அதற்குப் பிறகு பொத்தானைப் பார்க்கும் பார்வையே வேறு. முதல் உலகப் போர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. அவர்களுடைய தாள்களில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துவிட்டது.

தொப்பியைப் பத்து வருடம் தள்ளிப்போடுங்கள். அப்போதும் ஆசை இருந்தால், பெட்டியோடு ஒன்றே ஒன்று.

இருநூறு பவுண்டை எப்படிப் பிரிப்பது என்று கேட்டான். நூறுக்குப் பொத்தான், நாற்பதுக்கு ஒரு நல்ல பூதக்கண்ணாடியும் விளக்கும், மீதி ரயில் டிக்கெட் என்றேன். முகம் தொங்கிவிட்டது. அடுத்த வாரம் தனியாகப் போய் க்ளௌஸ்டர்ஷயர் பேட்ஜ் ஜோடி வாங்கிவிட்டான் என்று அக்கா சொன்னாள். முன்னால் இருப்பது உண்மை, பின்னால் இருப்பது வார்ப்பு. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபரில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. பிஸ்கட் டப்பாவில் துழாவியிருக்கிறான். "மாமா, பியூட்டர், 94-னு போட்டிருக்கு. ஆனா 94-னு ரெண்டு ரெஜிமென்ட் இருக்கே? 1818-ல கலைச்ச ஸ்காட்ச் பிரிகேடா, இல்ல 1823-ல புதுசா எழுப்பினதா? ரெண்டுமே 1855-க்கு முன்னாடிதான. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.